எங்கள் டவுன் பஸ், அதற்காக நிற்கும் இடம், அங்கே பேசும் ஐயா

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் மதுரை மேலவெளி வீதியில் தேனூர், திருவேடகம், சோழவந்தான் பக்கம் போகிற வண்டிக்காக ஒரு கூட்டம் நிற்கும். காலையில் வெத்தலை நிறையக் கொண்டுவந்த கூடையை வெறுங்கூடையாகத் தூக்கிக்கொண்டு திரும்பும் அக்காமார், ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிய பிள்ளைகள், பெரியாஸ்பத்திரிக்கு வந்துபோகிறவர்கள். அதில் நானும் ஒருத்தி. குன்னத்தூர் சத்திரத்தில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறேன். புதுமண்டபத்தில் இருந்த கடைகளை அங்கே மாற்றினார்களே, அதில் ஒன்று. சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு வேண்டிக்கொண்டவர்கள் போடுகிற சல்லடம், கச்சை, தலைப்பாகை எல்லாம் எங்கள் மெஷினில் ஓடி வருபவைதான்.

ஓட்டலுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள், மிக்ஸிக்கு எழுதுகிறார்கள். டவுன் பஸ்ஸுக்கும் யாராவது உட்கார்ந்து ஒழுங்காக எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். 2022இல் இருந்து வாரத்துக்கு ஆறு நாள், காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை இந்த வண்டியில் போய்வருகிறேன். எழுத எனக்குத் தகுதி உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு தகுதியும் உண்டு. என் அப்பா பாண்டியன் ரோட்வேஸில் டைம் கீப்பராக இருந்தவர். 1997இல் தமிழ்நாடு முழுக்கப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த பெயர்களை எடுத்துவிட்டு ஒரே பெயராக மாற்றினார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அப்பா கண்மூடும் வரைக்கும் அது பாண்டியன்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவு நாளில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். டைம் ஆபீஸ் என்பது ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற அறை. மேசையில் டிரிப் ஷீட் கட்டு, ஒரு கடிகாரம், ஒரு மைக். டிரைவர் வந்து ஷீட்டை நீட்டுவார், அப்பா நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார், பிறகு மைக்கைப் பிடித்து, "தேனூர், திருவேடகம் வழியாக சோழவந்தான் செல்லும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும், பயணிகள் ஏறிக்கொள்ளவும்" என்பார். வெளியே நிழலில் உட்கார்ந்திருந்த சனம் அதைக் கேட்டதும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடக்கும். ஓட மாட்டார்கள். ஐந்து நிமிடம் இருக்கிறது என்றுதான் தெரியுமே.

இந்தக் காட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் சொல்லப்போகிற குறை எல்லாம் அதில் வந்துதான் முடியும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், அது நிறையவே இருக்கிறது. 2021 மே 7ஆம் தேதி மு.க.ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டு, மறுநாளில் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். இப்போது விடியல் பயணம் என்கிறார்கள். மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு கணக்கெடுத்துச் சொன்னது. என் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். போக வர முப்பது ரூபாய்க்கு மேல், மாதம் இருபத்தாறு நாள். ஆனால் எனக்கு நடந்தது வெறும் மிச்சம் இல்லை. அதற்கு முன்னால் நான் தேனூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எத்தனை ரவிக்கை தைப்பார்கள்? டவுனுக்கு வேலைக்குப் போனால் கூலியில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போகும் என்று வீட்டுக்காரர் தடுத்துக்கொண்டிருந்தார். டிக்கெட் இல்லை என்றதும் அந்தப் பேச்சு நின்றது. நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தி முதல்முறையாக மாதச் சம்பளம் வாங்கினாள் என்றால் அதில் அந்த வண்டிக்குப் பங்கு இருக்கிறது.

பயணமும் நல்ல பயணம். குரு தியேட்டர் தாண்டி வைகைப் பாலம் ஏறியதும் காற்று மாறும். பாத்திமா கல்லூரி, விளாங்குடி, பரவை வரைக்கும் டவுன் நெரிசல். சமயநல்லூரில் மெயின் ரோட்டை விட்டு வண்டி திரும்பிய பிறகு இரண்டு பக்கமும் வயல், தென்னை, வாழை. நடவு மாதத்தில் சேற்று வாசம் ஜன்னல் வழியாக வரும். தேனூருக்கு வருகிறவர்களுக்கு நான் பெருமையாகச் சொல்வது ஒன்று உண்டு. அழகர் முன்காலத்தில் எங்கள் ஊரில்தான் ஆற்றில் இறங்கினார், திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றினார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் வண்டியூரில் அழகர் வந்து நிற்கிற மண்டபத்துக்குத் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர்.

காலை வண்டியில் வெத்தலை ஏறும். சோழவந்தான் வெத்தலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னாலேயே இந்த வண்டியில் ஏறும் யாருக்கும் அதன் அருமை தெரியும். கவுளி கவுளியாக அடுக்கி, வாழைச் சருகு வைத்து, ஈரத்துணி போட்டு மூடியிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கையெல்லாம் குளிர்ந்துபோகும். ஒரு அக்கா கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் துணியைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து மூடுவார். வாடிவிட்டால் கவுளிக்கு இத்தனை என்று விலை இறங்கும். வண்டி இருபது நிமிடம் தாமதம் என்றால் அது எனக்கு முதலாளி முகம் சுளிப்பது. அவருக்கு அது காசு.

இனி குறை.

படி உயரம். முழங்கால் வலிக்காரர்கள் முதலில் கூடையை மேலே வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்துத்தான் ஏறுகிறார்கள். தாழ்தள வண்டி வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் கோர்ட் வரைக்கும் போய்ப் போராடினார்கள். கிராமத்துத் தடத்துக்கும் அந்த வண்டி வேண்டும், ஏனென்றால் முழங்கால் எங்களுக்கும் அதே முழங்கால்தான். இதை இத்தோடு விடுகிறேன்.

அடுத்தது, பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போவது. எந்தத் தடம், எந்த வண்டி என்று சொல்லி ஒருத்தர் பிழைப்பைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். போன ஐப்பசியில் நானும் இரண்டு அக்காமாரும் நின்றோம், கை காட்டினோம். வண்டி வேகம் குறைவதுபோல் குறைந்து, முகம் பார்த்து, போய்விட்டது. இன்னொரு நாள் உள்ளே ஏறிய பிறகு, "ஓசிதானே, உள்ள தள்ளிப் போங்க" என்று ஒரு குரல். ஓசி என்ற சொல் அன்று இரவு முழுவதும் காதில் நின்றது. நாங்கள் ஏறுகிற ஒவ்வொரு பயணத்துக்கும் அரசாங்கம் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் நாங்கள் சோப்பு வாங்கினாலும் நூல் வாங்கினாலும் கட்டுகிற வரியில் இருந்து வருவது. இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. அதே வண்டியில் வேறொரு நாள், நிறைமாதப் பெண்ணுக்காகத் தன் சீட்டை விட்டுக்கொடுத்து சமயநல்லூர் வரை நின்றுகொண்டே டிக்கெட் போட்ட கண்டக்டர் தம்பியையும் பார்த்திருக்கிறேன். ஆள் கெட்டவர்கள் என்று இல்லை. ஏறுகிறவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று யாராவது ஒருமுறை உட்காரவைத்துச் சொன்னால் போதும்.

பெரிய குறை காத்திருப்பு. நேரமாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். எப்போது வரும் என்று தெரியாமல் நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முக்கால் மணி நேரம் ஒன்றும் வராது. பிறகு இரண்டு வண்டி ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். முன்வண்டியில் படியில் தொங்குவார்கள், பின்வண்டி காலியாக வரும். சனம் இதற்கு டிரைவரைத் திட்டும். அப்பா இதை எனக்கு வீட்டுத் தரையில் தீப்பெட்டி வைத்து விளக்கியிருக்கிறார். முன்வண்டி சிக்னலில் ஐந்து நிமிடம் மாட்டினால், அடுத்த நிறுத்தத்தில் அந்த ஐந்து நிமிடத்துக் கூட்டமும் சேர்ந்து நிற்கும். அவர்களை ஏற்ற இன்னும் நேரமாகும். அதனால் அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லாததால் அது சரசரவென்று வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள், ஆனாலும் இப்படித்தான் ஆகும். இதை வழியில் ஒரு ஆள் நின்று சரிசெய்ய வேண்டும். பின்வண்டியை ஒரு இடத்தில் நாலு நிமிடம் பிடித்து நிறுத்தி விடவேண்டும். "என் வேலை நேரம் எழுதுறதில்லத்தா, வண்டிக்கும் வண்டிக்கும் நடுவுல இடம் விடுறது" என்பார் அப்பா. அந்த இடைவெளியைப் பார்க்க இப்போது நடுவழியில் ஆள் தெரியவில்லை.

மெட்ரோ வந்தால் எல்லாம் தீரும் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். திருமங்கலத்தில் இருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு மக்கள்தொகைக் கணக்கைக் காட்டி அதைத் திருப்பி அனுப்பியது. வரட்டும், வந்தால் சந்தோசம். ஆனால் அது தேனூர்ப் பக்கம் எட்டிப் பார்க்காது. வெத்தலைக் கூடைக்கு டவுன் பஸ்தான்.

காத்திருப்பு இருக்கிற இடத்தில்தான் பிரசங்கமும் இருக்கிறது. கூட்டம் இருக்கும், எங்கேயும் போக முடியாது, கையில் வேலையும் இருக்காது. இந்த நாலு வருசத்தில் அந்த நிறுத்தத்தில் நான் கேட்காத உபதேசம் இல்லை. மார்கழி மாதம் பிறந்தால் கைப்பிரதி என்கிற பிரசங்க நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் அதிகமாக வருவார்கள். சின்ன ஸ்டாண்டில் புத்தகத்தை அடுக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் சிரித்த முகமாக நிற்கிற புருசன் பெண்சாதி உண்டு. கீதைப் புத்தகத்தோடு காவி உடுத்திய பையன்கள் வருவார்கள். வெயில் காலத்தில் வள்ளலார் வழிக்காரர்கள் கூழ் ஊற்றி, ஜீவகாருண்யம் பற்றி ஒரு நோட்டீசும் கொடுப்பார்கள். அந்தக் கூழ் குடித்து வீடு போய்ச் சேர்ந்த நாட்கள் எனக்கு உண்டு.

மதுரைக்கு இது புதுசும் இல்லை. சம்பந்தர் சமணர்களோடு வாது செய்தது இந்த ஊரில்தான். அவர் வைகையில் விட்ட ஏடு ஆற்று நீரை எதிர்த்து மேலே போய் ஒதுங்கிய இடம்தான் திருவேடகம். எங்கள் வண்டி தினமும் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 1606இல் ராபர்ட் தெ நொபிலி என்ற வெள்ளைக்காரச் சாமியார் இங்கே வந்து, காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழ் படித்துப் பேசினார். 1834இல் அமெரிக்க மிஷன்காரர்கள் வந்தார்கள், அவர்கள் வைத்த கல்லூரியும் பள்ளிக்கூடமும் இன்றும் நிற்கின்றன. கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர் இது. நான் பாண்டி கோவிலுக்குப் போகிறவள். யார் பேசினாலும் என் சாமி எங்கேயும் போய்விடாது.

ஆனால் எங்கே நின்று பேசுகிறார்கள் என்பது முக்கியம். ஒரு நாள் மாலை, ஓடுகிற வண்டிக்குள் ஒரு இளைஞர் ஏறினார். இருபத்தைந்து வயது இருக்கலாம். வைகைப் பாலம் தாண்டியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தார். எனக்கு எதிர் சீட்டில் ஒரு அம்மா. சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார், கட்டில் இருந்து மருந்து வாடை வருகிறது, மருந்துச் சீட்டை மடித்து மடித்துப் பிடித்திருக்கிறார். அந்தப் பையன் அவர் காலைப் பார்த்து, "விசுவாசம் இல்லாததாலதாம்மா இந்த வியாதி. இன்னைக்கே மனந்திரும்புங்க" என்றான். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. காலைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். புடவையை இறக்கிக் கட்டை மூடினார்.

நான் எழுந்து சொன்னேன். "தம்பி, தெருவுல நின்னு பேசுங்க, பிடிக்காதவங்க நடந்து போயிருவாங்க. இங்கிட்டு அவங்க எங்க போவாங்க? இறங்க முடியாத இடத்துல வச்சு ஒருத்தர இப்படிச் சொல்லாதீங்க." கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் வேறு மாதிரி குரல் எழுப்பினார்கள். அவன் மதத்தைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தார்கள். அதையும் நான் நிறுத்தச் சொன்னேன். அதே வண்டியில் அதே நேரம் ஒருத்தர் போனில் சாமி பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார், இன்னொருத்தர் அரசியல் பேச்சு. எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வண்டிக்குள் ஒலிபெருக்கி, பிரசங்கம், போன் சத்தம் எதுவும் கூடாது என்று எழுதி ஒட்ட வேண்டும், அதைச் சொல்கிற அதிகாரம் கண்டக்டருக்கு இருக்கிறது என்று அந்த எழுத்திலேயே இருக்க வேண்டும். தனியாக அவர் சொன்னால் சண்டையாகிவிடும். பையன் பரவையில் இறங்கிப் போனான். அந்த அம்மா சமயநல்லூர் வரும் வரை காலை வெளியே நீட்டவில்லை.

இப்போது மைக் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிறுத்தத்தில் வாரத்தில் நாலைந்து நாள் மாலை அவர் நிற்பார். அறுபது தாண்டியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சலவை செய்த வெள்ளைச் சட்டை, தோளில் வாரோடு மாட்டிய சின்னப் பெட்டி ஸ்பீக்கர், கையில் ஓரம் எல்லாம் கறுத்த பைபிள். வீடு பரவையில். அதனால் அவரும் எங்கள் வண்டிக்காரர்தான். ஆரம்பத்தில் எனக்கு அவர் மேல் எரிச்சல் இருந்தது. பத்து மணி நேரம் மெஷின் சத்தம் கேட்டு வருகிறவளுக்கு இன்னொரு சத்தம். பிறகு கவனித்தேன். மடியில் குழந்தை தூங்குகிறது என்றால் ஸ்பீக்கரை வேறு பக்கம் திருப்புவார். யாராவது போனில் அழுதுகொண்டு பேசினால் மைக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். வண்டி வந்து கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்லும்போது ஒருநாளும் அவர் குரல் குறுக்கே வந்ததில்லை.

ஒருநாள் ஓடி வந்தேன், வண்டி போய்விட்டதா இருக்கிறதா தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நாலு பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியாது. அவர் வசனத்தின் நடுவில் நிறுத்தி, மைக்கைக் கீழே இறக்கி, "தேனூர் வண்டி இப்பத்தாம்மா போச்சு. அடுத்தது ஏழு பத்துக்கு வரணும், நேத்து ஏழு இருபத்தஞ்சுக்கு வந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு விட்ட இடத்தில் இருந்து வசனத்தைத் தொடர்ந்தார். அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நிறுத்தத்தில் நிற்கிற எங்களை மனிதர்களாக நினைத்து வாயைத் திறந்து ஒரு தகவல் சொன்னவர், அத்தனை வருசத்தில் அவர் ஒருத்தர்தான்.

அவரிடம் ஒரு சின்ன டைரி இருக்கிறது. பின்பக்கத்தில் இருந்து வண்டி நேரம் எழுதிவருகிறார். முன்பக்கத்தில் வசனக் குறிப்பு. ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "இங்க நிக்கிறவங்க எங்கிட்ட முதல்ல கேக்குறது பஸ்ஸைத்தாம்மா. அதுக்குப் பதில் சொல்லாம அடுத்ததைப் பேசுனா அது நியாயமா?" என்றார்.

போன கார்த்திகையில் ஒரு மழை. ரோட்டில் கணுக்கால் தண்ணீர். ஏழு மணி, ஏழரை, எட்டு. ஒரு வண்டியும் இல்லை. கூட்டம் கடை ஓரமாக ஒதுங்கி நிற்கிறது, கேட்க ஆள் இல்லை, போன் எடுக்க ஆள் இல்லை. ஆட்டோக்காரர்கள் கேட்ட காசு எங்கள் ஒரு நாள் கூலி. வெத்தலைக்கார அக்கா அழுதுவிடுவார் போல் இருந்தார், வீட்டில் மாமியார் படுக்கையில். அப்போது எதிர்ப்பக்கம் வந்த ஒரு வண்டியின் டிரைவர் ஜன்னல் வழியாக மைக் ஐயாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஐயா ஸ்பீக்கருக்கு மேல் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்தார். மைக்கைத் தட்டினார். பேசினார்.

"சமயநல்லூர், தேனூர், திருவேடகம், சோழவந்தான் போறவங்க கவனிங்க. வண்டி கட்டபொம்மன் சிலைகிட்ட நிக்குது. இந்தப் பக்கம் வர முடியல. அஞ்சு நிமிசத்துல எடுத்துருவாங்க. பெரியவங்க மெதுவா நடங்க, நான் சொல்லி விட்டிருக்கேன், நிப்பாங்க."

நான் அசையவில்லை. பக்கத்து அக்கா தோளைப் பிடித்து உலுக்கி, "ஏத்தா, வா" என்றார். மழைத்தண்ணீரில் நாங்கள் நடந்தோம். யாரும் ஓடவில்லை. என் அப்பா இறந்து ஒன்பது வருசம் ஆகிறது. அந்த வாக்கியத்தின் அடுக்கு, ஊர்ப் பெயரை இழுத்து இழுத்துச் சொன்ன விதம், அஞ்சு நிமிசம் என்று கணக்குச் சொன்ன தெளிவு, எல்லாம் அப்படியே. வண்டி நிஜமாகவே அங்கே நின்றது. ஐயா கடைசியாக ஏறினார். ஏறின பிறகு ஒரு வார்த்தை பிரசங்கம் இல்லை. நனைந்த பைபிளைத் துண்டால் துடைத்துக்கொண்டே பரவை வரைக்கும் வந்தார்.

அவர் மைக்கின் பஞ்சுத்தலை பிய்ந்திருப்பதை அன்று பார்த்தேன். மறுநாள் கடையில் கருப்பசாமி உடுப்புக்கு வெட்டி மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டில் ஒரு உறை தைத்தேன். உள்ளே மெல்லிய பஞ்சு, வாயில் எலாஸ்டிக். எந்த உடுப்பின் துணி என்று சொல்லித்தான் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு போட்டுக்கொண்டார். இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், வண்டிக்கும் பயணத்துக்கும் நாலு கொடுப்பேன். காத்திருக்கிற இடத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் அங்கே நிழல் தருகிற வேப்பமரத்துக்காக.

செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. நிறுத்தத்தில் ஒரு தகரப் பலகை, அதில் எந்த ஊர் வண்டி எத்தனை மணிக்கு என்று பெயிண்டில் எழுதினால் போதும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் ஒரு ஆள், கையில் ஒரு மைக், வண்டி நிலையத்தில் எடுத்ததும் அவருக்கு ஒரு போன். ஒட்டி வருகிற வண்டியைப் பிடித்து நிறுத்துகிற அதிகாரமும் அவருக்கே. சென்னையில் 2022இலேயே வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்க்கச் செயலி கொண்டுவந்தார்கள். நல்லதுதான், இங்கே எல்லாத் தடத்துக்கும் அது வேண்டும். ஆனால் வெத்தலைக்கார அக்காவிடம் இருப்பது பட்டன் போன், அதையும் அவர் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகியிருப்பார். அவருக்குக் காதில் விழுகிற மாதிரி ஒரு குரல் சொல்ல வேண்டும். கடைசி வண்டியையும் அரைமணி தள்ளிப் போட வேண்டும். திருவிழா, தீபாவளி மாதங்களில் கடைகள் ஒன்பதரைக்குத்தான் சாத்துகின்றன, பிள்ளைகள் ஷட்டர் இறக்குவதற்கு முன்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது.

இதை எல்லாம் ஒரு மனுவாக எழுதினேன். ஐயாவின் டைரியில் இருந்து ஒரு மாதத்து வண்டி நேரத்தை அப்படியே பின்னால் இணைத்தேன். கைப்பிரதியின் ஒரு பக்கம் வெள்ளையாக இருக்குமே, முதல் நகலை அதில்தான் எழுதினோம். நிறுத்தத்தில் வைத்தே கையெழுத்து வாங்கினோம். ஜவுளிக்கடைப் பிள்ளைகள் எல்லோரும் போட்டார்கள், கீதைப் புத்தகப் பையன் ஒருத்தனும் போட்டான். வெத்தலைக்கார அக்கா பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார், வெத்தலைக் கறை படிந்த விரல். போன திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீது என் மஞ்சப்பையில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஐயாவிடம் சொன்னேன். சந்தோசப்பட்டார். கொஞ்ச நேரம் மைக்கின் சிவப்பு உறையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "அவங்க இங்க மைக் வச்சிட்டா ரெண்டு சத்தம் சேந்து ஒண்ணும் விளங்காதும்மா. நான் அந்த டீக்கடைக்கு அங்கிட்டு தள்ளி நின்னுக்கவா?"